தம்பி போகிற கோவில் கிறிஸ்தவக் கோவில்தானா?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் பெற்று, ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்கி, வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே உறுதிசெய்யும் திடப்படுத்தலும் பெற்ற உங்கள் தம்பி, அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன இடத்தில், ‘முற்போக்கான, எல்லாரையும் ஏற்றுக்கொள்கிற கிறிஸ்தவ ஆன்மிகக் குழு’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு சபையில் சேர்ந்திருக்கிறார். அதன் வாசலில், தன்பாலீர்ப்பாளரையும் திருநங்கைகளையும் வரவேற்பதன் அடையாளமாக வானவில் கொடி தொங்குகிறது. விசுவாசப் பிரமாணம் என்று ஆராதனையில் நாம் சொல்லும் நம்பிக்கை அறிக்கை அங்கே கட்டாயமில்லை. போதகர் ஒரு பெண். திருவிருந்தில் யார் வேண்டுமானாலும் பங்குபெறலாம். இதைத் தொலைபேசியில் கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இவர்கள் எதைத்தான் நம்புகிறார்கள், இது கிறிஸ்தவம்தானா, தம்பிக்குப் பிறந்திருக்கிற பெண்பிள்ளைக்கு அங்கே ஞானஸ்நானம் கொடுத்தால் நம் தென்னிந்தியத் திருச்சபையில் செல்லுமா என்று மூன்று கேட்கிறீர்கள். மூன்றுக்கும் என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதாமல் விட்ட நாலாவது கேள்வி ஒன்று அடியில் கிடக்கிறது: தம்பி நம்மை விட்டுப் போய்விட்டானா? அம்மாவின் சாப்பாட்டைக் கெடுத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் மதுரை அரசரடியில் இறையியல் படித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் திருநெல்வேலிச் சீமையின் சேகரங்களில், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைத் தொகுதிகளில், குருப்பணி செய்து ஓய்வுபெற்றவன். இத்தகைய சபைகளைப் பெரும்பாலும் வாசிப்பின் மூலமாகவும், ஒருமுறை வெளிநாட்டில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது மூன்று ஞாயிறுகள் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததன் மூலமாகவும் அறிவேன். உங்கள் தம்பி போகிற சபையை நான் பார்த்ததில்லை. இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு பேராயரோ ஒரே சட்டப் புத்தகமோ கிடையாது; ஒரே ஊரிலுள்ள இரண்டு சபைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே நான் பொதுவாகச் சொல்வது அவருடைய சபைக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அவரிடம்தான் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். ‘முற்போக்கு’ என்றதும் நம் ஊரில் சிவப்புத் துணி கட்டிய மேடையும் இலக்கியக் கூட்டமும்தான் நினைவுக்கு வரும். இங்கே அதன் பொருள் அதுவன்று. வேதத்தையும் கோட்பாடுகளையும் எப்படி வாசிப்பது என்பதைப் பற்றிய சொல் அது. ‘எல்லாரையும் ஏற்றுக்கொள்வது’ என்பதோ பந்தியில் யாரை உட்காரவைப்பது என்பதைப் பற்றியது. இரண்டும் பல இடங்களில் சேர்ந்தே வந்தாலும், சேர்ந்துதான் வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. தன்பாலீர்ப்பின் காரணமாகத் தன் பெந்தெகொஸ்தே சபையின் ஊழியத்தை இழந்த ட்ராய் பெரி என்ற போதகர், 1968 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே தம் வீட்டில் பன்னிரண்டு பேரோடு தொடங்கிய மெட்ரோபொலிட்டன் சமூகச் சபை, திருச்சபையின் பழைய விசுவாசப் பிரமாணங்களான அப்போஸ்தலர் பிரமாணத்தையும் நிசேயா பிரமாணத்தையும் ஏற்றுக்கொண்ட சபைதான். வாசல் அகலமாயிற்றே ஒழியக் கோட்பாடு மாறவில்லை. இதற்கு எதிர்ப்புறமாக, உயிர்த்தெழுதலைக்கூட உருவகம் என்று பேசுகிற, ஆனால் உள்ளே பார்த்தால் ஒரே நிறத்தவரும் ஒரே வருமானத்தவருமாக உட்கார்ந்திருக்கிற சபைகளும் உண்டு. அம்மாவைக் கலங்கவைத்தது இவற்றுள் எது என்று கேட்டுப் பாருங்கள். கொடியா, பிரமாணமா? அதைப் பொறுத்து நீங்கள் சொல்ல வேண்டிய ஆறுதலும் மாறும்.

இனி அவர்கள் நம்புவது. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆடம்ஸ் என்ற எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) குருவானவர் 1990களின் நடுவில் முற்போக்குக் கிறிஸ்தவத்துக்கென ஒரு மையத்தைத் தொடங்கினார். அது ‘எட்டுக் குறிப்புகள்’ என்ற பெயரில் ஓர் அறிக்கையை வெளியிட்டுப் பிறகு சிலமுறை திருத்தியும் இருக்கிறது. பல சபைகள் அதைத் தங்கள் அடையாளமாக ஏற்றுக்கொண்டுள்ளன. அதன் சாரத்தை என் சொற்களில் தருகிறேன். இயேசுவின் வழியிலும் போதனையிலும் நடப்பதால் தெய்வீகத்தை உணர முடியும். அந்த வழி பல வழிகளுள் ஒன்று. விசுவாசியும் சந்தேகியும், ஆணும் பெண்ணும், எந்தப் பாலீர்ப்பும் பாலடையாளமும் உடையவரும், எந்த வகுப்பினரும், உடற்குறை உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்ததே சமூகம். நாம் ஒருவரையொருவர் நடத்தும் விதத்தில்தான் நம் விசுவாசம் முழுமையாக வெளிப்படுகிறது. முடிந்த முடிவுகளைவிடக் கேள்விகளில் அதிக மதிப்புண்டு. சமாதானத்துக்கும் நீதிக்கும் பாடுபட வேண்டும். பூமியைக் காக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த எட்டில் நம் ஊர்ப் பிரசங்க பீடத்தில் ஐந்தோ ஆறோ எந்த எதிர்ப்பும் இல்லாமல் பேசலாம். தாமிரபரணியைப் பற்றியும் ஏழைகளைப் பற்றியும் பிரசங்கித்தால் யாரும் கமிட்டியில் புகார் வைக்கப் போவதில்லை. சிக்கல் இருப்பது இரண்டு மூன்று இடங்களில்தான்.

ஒன்று, பிரமாணம். ‘கன்னிமரியாளிடத்தில் பிறந்தார்’ என்பதற்கும் ‘பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு’ என்பதற்கும் நடுவில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று அவர்கள் கேட்பார்கள். ஒன்றும் இல்லை. இயேசு யாரோடு உண்டார், யாரைத் தொட்டார், மலையின்மேல் என்ன போதித்தார் என்பவையெல்லாம் அந்த இடைவெளியில் விழுந்துவிட்டன; நாங்கள் தேடுவது அந்த இடைவெளியைத்தான் என்பது அவர்களுடைய வாதம். நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது. கன்னிப் பிறப்பையும் வெறுங்கல்லறையையும் அவர்கள் எல்லாரும் மறுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரே பெஞ்சில் அதை நடந்த நிகழ்ச்சியாக நம்புகிறவரும், உண்மையைச் சுமக்கிற கதையாக வாசிக்கிறவரும், இன்னும் முடிவுக்கு வராதவரும் உட்கார்ந்திருப்பார்கள். மூவரையும் ஒருவரும் எழுப்பிவிட மாட்டார்கள். தம்பி இம்மூவருள் யார் என்பது தம்பிக்குத்தான் தெரியும்.

அம்மாவிடம் நீங்கள் சொல்லக்கூடிய ஒரு செய்தி இங்கே உண்டு. நம் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவானபோது ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், ஏற்கெனவே பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலிஸ்டுகளும் இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையார் என்று வெவ்வேறு மரபினர் ஒன்று சேர்ந்தார்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட ஒன்றிப்பின் அடிப்படையில், அப்போஸ்தலர் பிரமாணத்தையும் நிசேயா பிரமாணத்தையும் ஏற்றுக்கொண்ட கையோடு, அவற்றின் ஒவ்வொரு சொல்லுக்கும் சொற்றொடருக்கும் ஒவ்வொருவரும் இசைவு தரவேண்டும் என்று கோருவதில்லை என்றும், நியாயமான பொருள்கொள்ளும் உரிமையை விலக்குவதில்லை என்றும், அப்பிரமாணங்களே கிறிஸ்தவ விசுவாசத்தின் முழு வெளிப்பாடு என்று சொல்வதில்லை என்றும் குறித்து வைத்தார்கள். நம் பெரியவர்கள் பலருக்கு இது தெரியாது. ஆயினும் இதைக் காட்டி இரண்டும் ஒன்றுதான் என்று நான் வாதிக்க மாட்டேன். நாம் பிரமாணத்தை வைத்துக்கொண்டு அதைப் பொருள்கொள்ளச் சுதந்தரம் தருகிறோம். அவர்களுள் பலர் பிரமாணத்தையே ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கிறார்கள். அந்த வேறுபாடு சிறியதன்று.

இரண்டாவது சிக்கல், ‘பல வழிகளுள் ஒன்று’ என்பது. ‘நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்’ என்ற வசனத்தைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்த நமக்கு இது நெஞ்சில் இடிக்கும். கலங்கிப்போன சீஷர்களைத் தேற்றச் சொன்ன வாக்கு அது, பிற சமயத்தாரை வாசலில் நிறுத்துவதற்காகச் சொன்னதன்று என்று அவர்கள் விளக்குவார்கள். பகுதியின் சூழலைப் பார்த்தால் அந்த விளக்கத்துக்கு இடமுண்டு. ஆனால் ‘என்னாலேயல்லாமல்’ என்ற சொல்லை அது முழுவதும் கரைத்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்றும் உண்டு. 1799இல், ஊரைவிட்டு விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்காகத் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று உருவாக்கிய முதலூரில் குடியேறியவர்கள், பல வழிகளுள் ஒன்று என்று எண்ணியிருந்தால் வீடு எரிந்ததையும் அடி வாங்கியதையும் தாங்கியிருப்பார்களா? வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1903இல் நம் ஆட்களையும் நம் காணிக்கையையும் கொண்டு இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியிருப்பாரா? நாம் கிறிஸ்தவர்களாக இருப்பதே அந்த ஒற்றைப் பிடிவாதத்தால் வந்தது. அதே பிடிவாதம் பக்கத்து வீட்டுக்காரரைப் புறஜாதியார் என்று கூப்பிடவும் நமக்குக் கற்றுக்கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் முற்போக்காளர்கள் சொல்லும் பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. நம் பழைய பதிலும் அப்படியே.

எல்லாரையும் ஏற்றுக்கொள்வது என்ற பகுதிக்கு வந்தால், அதைப் புதுமை என்றோ அமெரிக்கச் சரக்கு என்றோ தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. இருநூறு ஆண்டுகளாகத் திருநெல்வேலிச் சபை சண்டை போட்டது பெரும்பாலும் இதன்மேல்தான்; அன்றைக்குப் பொருள் சாதி, அவ்வளவுதான். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர், தம் பள்ளியில் படித்த பிள்ளைகள் சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. வேதத்தை ஏற்றுக்கொண்டவர்களே பந்தியை ஏற்றுக்கொள்ளாமல் பிள்ளைகளைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். 1833இல் கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உறுதியாகவும் உடனடியாகவும் முடிவாகவும் கைவிடப்பட வேண்டும் என்று எழுதினார். அந்த ‘உடனடியாக’ என்ற சொல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது. கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளத்தில், சாதிக்கொரு பக்கமாக மக்கள் உட்காரும்படி கோவிலுக்குள்ளேயே பிரிப்புச் சுவர் இருந்தது. 1910இல் சேசு சபைக் குருக்கள் அதை இடித்தபோது, சுவர் வேண்டும் என்று வழக்குப் போட்டவர்களும் கிறிஸ்தவர்கள்தாம்.

வெளியேறிப் போவதும் நமக்குப் புதிதன்று. மிஷனெரி கால்டுவெல் 1849இல் சாணார் (இன்றைய நாடார்) சமூகத்தைப் பற்றி எழுதிய நூல் அந்த மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. மிஷனெரிமாரோடு முரண்பட்ட சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் 1857இல் நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் தனிச் சபையே தொடங்கினார். அவர்கள் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தார்கள், ஐரோப்பிய வழக்கங்களை நீக்கினார்கள். அன்றைய மிஷனெரிகளின் கண்ணுக்கு அது விசுவாசத் துரோகமாகத் தெரிந்தது. இன்று அதைப் படிக்கிற நாம் தன்மானத்தின் குரல் என்கிறோம். தம்பியைப் பற்றி இப்போதே ஒரு பெயர் சூட்ட நான் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுத்தில் படித்ததைவிட எனக்கு இதைக் கற்பித்தது ஒரு மூதாட்டி. நான் உதவிக் குருவாக அனுப்பப்பட்ட முதல் சேகரத்தில், பீடத்துக்கு முன்னுள்ள மரக்கிராதியில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் முழங்காற்படியிடலாம். திருவிருந்து நாளில் இடம் காலியாக இருந்தாலும் அந்த மூதாட்டி வரமாட்டார். எல்லாரும் எழுந்துபோன பிறகு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, மற்றவர்கள் முழங்காலிட்ட விரிப்பைக் கையால் ஒரு முழம் ஒதுக்கிவிட்டு, வெறுந்தரையில் முழங்காலிடுவார். மூன்று மாதம் பார்த்துவிட்டு, யார் உங்களை இப்படி வரச் சொன்னது என்று கேட்டேன். “யாரும் சொல்லல ஐயா. எங்க அம்மையும் இப்படித்தான் வருவா” என்றார். அந்தக் கோவிலின் சட்டப் புத்தகத்தில் ஒரு வரிகூட அவரைத் தடுக்கவில்லை. சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் பிடியரிசி கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் பந்தியில் அவர் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை, பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போவார். சட்டத்தில் வாசல் திறந்திருப்பது வேறு, ஒருவர் உள்ளே வந்து விரிப்பில் முழங்காலிடுவது வேறு. முற்போக்குச் சபையார் வாசலில் கொடி கட்டுவதும், ‘இன்னின்னார் வரலாம்’ என்று பெயர் சொல்லி எழுதிவைப்பதும் விளம்பரம் என்று ஒரு காலத்தில் நானும் எள்ளி நகைத்தவன்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒழிய வரத் துணியாதவர்கள் உண்டு என்பது அந்த அம்மாவைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இந்தச் சிந்தனையை நம் மண்ணிலிருந்தே எடுத்தவர்கள் இருக்கிறார்கள். திருமறையூரில் நடந்துவந்த இறையியல் பயிற்சியும் சேர்ந்துதான் 1969இல் அரசரடிக் கல்லூரி உருவானது. அங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, எல்லாரும் அன்போடு பரட்டை அண்ணன் என்று அழைத்தவர், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதுதான் திருவிருந்தின் பொருள் என்று கற்பித்தார். தலித்து இறையியல் என்று 1980களின் தொடக்கத்திலிருந்து இந்தியாவில் வளர்ந்த சிந்தனை, பாடுபடும் மக்களின் அனுபவத்திலிருந்து வேதத்தை வாசிக்கச் சொல்கிறது. அமெரிக்க முற்போக்குக்கும் இதற்கும் ஒற்றுமைகள் உண்டு. ஆனால் அங்கே கேள்வி பெரும்பாலும் ‘இதை எப்படி நம்புவது’ என்று படித்த மனிதரின் மூளையிலிருந்து பிறக்கிறது, இங்கே ‘எனக்கு ஏன் சோறு தனியாக’ என்று வயிற்றிலிருந்து பிறக்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும்போது நான் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருப்பேன்.

பெண் போதகரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1976இலேயே ஒரு பெண்ணைக் குருவாக அபிஷேகம் செய்துவிட்டது. 2013இல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயரானார். அம்மா இதற்காகக் கவலைப்படுகிறார் என்றால் அந்தக் கவலைக்கு நம் சபைச் சட்டத்திலேயே இடமில்லை.

வானவில் கொடியைப் பற்றித்தான் கடினமான பகுதி. முதலில் உறுதியானது: தென்னிந்தியத் திருச்சபையில் ஒரே பாலினத்தவரின் திருமணம் ஆசீர்வதிக்கப்படுவதில்லை. நாட்டின் சட்டத்தில், தன்பாலுறவு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அத்தகைய திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம் மறுத்தது. திருநங்கை ஒருவரை மணமகளாக ஏற்றுப் பதிவுசெய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் சொன்னது தூத்துக்குடியில் நடந்த ஓர் இந்துத் திருமணத்தைப் பற்றி. இவை உறுதி.

வேதம் என்ன சொல்கிறது என்பதில் உறுதி குறைகிறது. 1 கொரிந்தியர் 6:9ஐ நம் பழைய மொழிபெயர்ப்பில் எடுத்துப் பாருங்கள். ‘சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்’ என்று இருக்கும். முதல் சொல்லுக்கு நேரான கிரேக்கச் சொல் மலக்கோய். அதன் நேர்ப்பொருள் மென்மையானவர்கள் என்பதே. அதைச் சுயபுணர்ச்சி என்று ஒருவர் மொழிபெயர்த்தார், பெண்தன்மையுள்ளவர் என்று இன்னொருவர் மொழிபெயர்த்தார், ஆணுறவில் ஒரு நிலையில் இருப்பவர் என்று வேறொருவர் மொழிபெயர்த்தார். ஆகவே அந்த ஒரு சொல்லின்மேல் ஒருவரின் நித்தியத்தைத் தீர்மானிக்க நான் துணிய மாட்டேன். அதே நேரத்தில் ரோமர் முதலாம் அதிகாரத்தைப் பற்றி முற்போக்காளர்கள் சொல்லும் விளக்கம் — அது விக்கிரகக் கோவில் வழக்கங்களையும் சுரண்டலையும் மட்டுமே குறிக்கிறது என்பது — சில நேரங்களில் விரும்பிய முடிவுக்கு முன்கூட்டியே பாதை வெட்டுவதுபோல் எனக்குப் படுகிறது. பவுல் அதைவிடப் பரந்த பொருளில் எழுதினார் என்று கருதும் அறிஞர்கள் கற்பனை செய்து சொல்லவில்லை.

ஆனால் நம் மொழிபெயர்ப்பு மறைத்துவிட்ட இன்னொன்றும் இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில், இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறவரை நாம் எத்தியோப்பிய ‘மந்திரி’ என்றே சிறுவயது முதல் படித்திருக்கிறோம். கிரேக்கத்தில் அந்தச் சொல் அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர், என்று பொருள்படும். மோசேயின் நியாயப்பிரமாணப்படி கர்த்தருடைய சபைக்குள் வரக்கூடாதவர். ‘இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன’ என்று அவர் கேட்பதன் கூர்மை, மந்திரி கேட்பதாகப் படிக்கும்போது தெரிவதில்லை. தடை ஒன்று எழுத்திலேயே இருந்தது. பிலிப்பு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் தண்ணீரில் இறங்கினான். அவர் வாசித்துக்கொண்டிருந்த அதே ஏசாயாவில், சில அதிகாரங்கள் தள்ளி, அண்ணகன் தன்னைப் பட்டமரம் என்று சொல்லவேண்டாம் என்ற வாக்கும் இருக்கிறது.

இதைப் பல ஆண்டுகள் பிரசங்கித்திருக்கிறேன். ஒரு கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் திருநங்கை ஒருவர் வந்து, செருப்பு விடுகிற இடத்தை ஒட்டிய கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். அவரைச் சுற்றி இரண்டு பெஞ்சு காலியாயிற்று. காணிக்கைப் பை மட்டும் அவர்முன் தவறாமல் நின்றது, அவரும் போட்டார். திருவிருந்துக்கு அழைத்தபோது அவர் எழுந்து நின்றார், சுற்றிலும் பார்த்தார், மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். நான் கையில் தட்டோடு பீடத்தில் நின்றேன். இறங்கிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்து பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார். உங்கள் தம்பியின் சபையில் அவர் அப்படி உட்கார்ந்திருக்க நேராது என்று மட்டும் தயங்காமல் சொல்வேன்.

இதற்காக அந்தச் சபைகளைப் பரலோகத்தின் முன்மாதிரி என்று நான் சொல்லவில்லை. நான் உட்கார்ந்த மூன்று ஞாயிறுகளிலும் நீதியைப் பற்றி நிறையக் கேட்டேன், பாவத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே கேட்கவில்லை. உலகத்தின் பாவத்தைச் சொன்னார்கள், என் பாவத்தைச் சொல்லவில்லை. பாவ அறிக்கை இருந்த இடத்தில் இரண்டு நிமிட மௌனம் இருந்தது. எல்லாக் கேள்விகளும் வரவேற்கப்படுகிற இடத்தில் ‘நான் பழைய முறையிலேயே நம்புகிறேன்’ என்று சொல்லக் கூச்சப்பட்ட ஒரு முதியவரையும் பார்த்தேன். ஏற்றுக்கொள்வதிலும் ஓர் ஓரப் பெஞ்சு உண்டாகிவிடுகிறது போலும். ஒரு சாவு விழுந்தால் தெருவே கூடி, குருவானவர் வருவதற்குள் பந்தலும் பெஞ்சும் போட்டு, மூன்று நாள் அந்த வீட்டில் உலை வைக்கவிடாமல் பார்த்துக்கொள்கிற நம் சேகரத்து வழக்கத்துக்கு ஈடாக அங்கே எதையும் நான் காணவில்லை. மூன்று ஞாயிறில் அதெல்லாம் கண்ணில் படாது என்பதும் நியாயமே.

ஆகவே, இது கிறிஸ்தவம்தானா என்ற கேள்விக்கு என் பதில் இது. இயேசுவைப் பின்பற்றுவதையே நடுவில் வைத்து, அவர் பெயரால் கூடி, அப்பத்தைப் பிட்கிற ஒரு கூட்டத்தைக் கிறிஸ்தவம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ‘அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்’ என்ற வசனத்தைத் தன் சின்னத்தில் பொறித்திருக்கிற சபையின் ஆள் நான். திரித்துவம், அவதாரம், உயிர்த்தெழுதல் ஆகியவற்றை அக்கூட்டம் அறவே கைவிட்டிருந்தால், அது திருச்சபையின் விசுவாசத்திலிருந்து விலகிவிட்டது என்றும் சொல்வேன். உங்கள் தம்பியின் சபை எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அவர்களுடைய ஒரு ஞாயிறு ஆராதனைத் தாளைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாக்குவாதத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று தோன்றாதபடி, அங்கே என்ன பாட்டுப் பாடுகிறீர்கள் என்று அம்மாவையே கேட்கச் சொல்லுங்கள். வீட்டை விட்டுப் போனவன் தான் சேர்ந்த சபையைப் பற்றித் தானே தொலைபேசியில் அக்காவிடமும் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறான். மறைக்க நினைக்கிறவன் அப்படிச் செய்வதில்லை.

கடைசியாகப் பிள்ளையின் ஞானஸ்நானம். தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே கொடுக்கப்பட்டிருந்தால், கொடுத்தவர் ஆணா பெண்ணா, வாசலில் என்ன கொடி தொங்குகிறது என்பதையெல்லாம் பார்க்காமல் நம் சபை அதை ஞானஸ்நானமாக ஏற்றுக்கொள்ளும். பிள்ளை வளர்ந்து இங்கே திடப்படுத்தலுக்கு வந்தால் இரண்டாம் முறை கொடுப்பதில்லை. ஆனால் ஆண்பால் சொற்களைத் தவிர்ப்பதற்காகச் சில முற்போக்குச் சபைகளில் ‘படைத்தவர், மீட்டவர், பரிசுத்தமாக்குபவர்’ என்ற பெயர்களால் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அப்படிக் கொடுத்தது செல்லாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 2008இல் வெளிப்படையாக அறிவித்தது. நம் பக்கத்திலும் அந்தச் சான்றிதழோடு வந்தால் குருவானவர் யோசிப்பார், பேராயர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கவும் நேரிடலாம். ஆகவே எந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று தம்பியை முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். மத்தேயு 28:19இன்படி கொடுங்கள் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டால் அத்தகைய சபைகள் பொதுவாக மறுப்பதில்லை. அந்த வார்த்தைகளைச் சான்றிதழிலும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். முடிந்தால், ஞானத்தாய் தகப்பன்மாருள் ஒருவராக உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.